புது மெயில் கணக்கு

“கதவைத் தாழ்ப்பாள் போட்டாச்சா, மேடம்?”

“போட்டுட்டேன் சார்,” என்றாள் ரேகா.

மேசைமேல் சாய்த்து வைத்திருந்த செல்போன் திரையிலிருந்து அந்தக் காக்கிச் சட்டைக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். டெல்லியிலிருந்து பேசும் போலீஸ் அதிகாரி என்று சொல்லியிருந்தார். இளவயதுதான். சட்டை அவருக்கு ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது. கழுத்துப் பட்டிக்குள் இரண்டு விரல் நுழையும்.

ரேகாவின் ஆதாரை வைத்து யாரோ போதை மருந்துப் பார்சல் அனுப்பிவிட்டார்களாம். விசாரணை முடியும்வரை அறையைவிட்டு வெளியே போகக்கூடாது, வீடியோ அழைப்பைத் துண்டிக்கக்கூடாது, கட்டிய புருஷனிடம்கூட மூச்சுவிடக்கூடாது. மீறினால் பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் பவித்ராவையும் சேர்த்துத் தூக்கிவிடுவார்களாம்.

காலையில் நாற்காலியில் உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிடச் சொல்லியிருந்ததால் கோவில்பதாகைத் தெருவே கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. கீழே காய்கறி வண்டிக்காரர் கூவுவது மட்டும் கேட்டது. தினமும் கேட்கிற குரல்தான். இன்று எட்டாத தூரத்திலிருந்து வருவது போலிருந்தது.

அம்பத்தூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பில் போட்டு அனுப்புகிறவள் அவள். மேசையில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று தெரிந்ததும் அதிகாரி அடுத்த உத்தரவைப் போட்டார்.

“அதுல மெயில் பார்க்கிற புரோகிராமைத் திறங்க. புது அக்கவுன்ட் ஒண்ணு சேர்க்கணும். உங்க கேஸ் பேப்பரெல்லாம் அதுலதான் வரும்.”

அவள் மவுஸைத் தொட்ட நேரம் கதவு தட்டப்பட்டது.

“ரேகா, இன்னும் வேலையா? ஒரு காபி கிடைக்குமா?” ஆவடி ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து தூங்கி எழுந்த கணவன் மனோகரன்.

அதிகாரி உதட்டில் விரலை வைத்தார். ஒரு குரல் கொடுத்தால் போதும், மனோகரன் கதவை உடைத்துக்கொண்டு வந்துவிடுவான். ஆனால் பவித்ரா?

“மீட்டிங்ல இருக்கேங்க. நீங்களே போட்டுக்கங்களேன்.”

செருப்புச் சத்தம் சமையலறைப் பக்கம் தேய்ந்து போனது.

“மெயில் ஐடி சொல்றேன், அடிங்க. எழில், புள்ளி, அப்பாவு...”

ஆபீஸ் மெயில் என்றால் ஆள் பெயர் எதற்கு? கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

“பாஸ்வேர்டு, சார்?”

அவர் எதையும் பார்த்துப் படிக்கவில்லை. “கே, ஓ, வி, ஐ, எல், பி, ஏ...” என்று ஒரே மூச்சில் ஒப்பித்தார். அடித்து முடித்ததும் ரேகா அந்த எழுத்துகளை மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். கோவில்பதாகை.

“சார்... எங்க ஏரியா வரைக்கும் தெரியுமா?”

“எல்லாம் தெரியும். அடுத்ததுக்குப் போங்க.”

பாஸ்வேர்டு தவறு என்று சிவப்பு எழுத்து வந்தது. அதைச் சொன்னாள். அந்தப் பக்கம் அவருக்குப் பின்னாலிருந்து யாரோ புரியாத பாஷையில் கத்தினார்கள். அதிகாரியின் தோள் தூக்கிப்போட்டது. பெரிய அதிகாரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் ரேகா.

“முதல் எழுத்து பெரிசு, மேடம். சீக்கிரம்!”

அவர் குரல் நடுங்கியது. கோபம் போலிருக்கிறது. பதறிக்கொண்டு மறுபடியும் அடித்தாள். சர்வர் பெயர்கள் தாமாகவே நிரம்பின. ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. பச்சை டிக்.

அடுத்த நொடி மெயில்கள் மளமளவென்று இறங்க ஆரம்பித்தன. எல்லாம் தடித்த எழுத்தில், யாரும் திறந்து பார்க்காதவை.

“வந்துடுச்சா? யாருகிட்டருந்து வந்திருக்கு?”

“ஜோதிகான்னு போட்டிருக்கு சார். கீழே வரைக்கும் ஜோதிகாதான்.”

அதிகாரி கண்களை மூடிக்கொண்டார். திறந்தபோது ஓங்கி மேசையில் அறைந்து, விரலை நீட்டிக் காட்டுக்கத்தலாகக் கத்தினார். ரேகா நடுங்கிப்போய்க் கைகூப்பினாள். அந்தக் கத்தலுக்குள் என்ன வார்த்தைகள் இருக்கின்றன என்பது உறைக்க அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

“அளுவுக்கா! பயந்துகினே நல்லா அளுவு! பின்னால நிக்கிறவனுக்குத் தமிழ் தெரியாது. லிஸ்ட்டுல நம்ம ஏரியான்னு பாத்துதான் உனக்கு போன் போட்டேன். ஜோதிகா என் தங்கச்சி. இது என் மெயிலு, பழசுல ஏஜென்ட்டு பேரு, டிக்கெட்டு, அல்லாம் கீது. அவளாண்ட குடுத்து டேசனுக்குப் போவச் சொல்லு!”

ரேகா கூப்பிய கையை இறக்கவில்லை. “அப்ப நீங்க... போலீஸ்...”

அவன் மறுபடியும் மேசையைக் குத்தினான்.

“இன்னா போலீஸு? ஃபாரின்ல வேலன்னு இட்டாந்து அடைச்சு வெச்சு, இப்டி போன் பேச வெக்கிறானுங்க. என்னை ஊட்டுக்கு இட்டுனு போக்கா!”