மதகிடம் விடைபெறுதல்

பூலாங்கண்மாய்க்கு அன்று தண்ணீர் முறை. வறண்ட கண்மாய்க்குள் ஆடு மேய்ப்பவர் "போகிறேன்" என்று தம் வாயால் சொல்லிவிட்டு வெளியேறினால்தான் அதற்குத் தண்ணீர் விடும் பேசும் மதகு திறக்கும். ஆட்டுக்காரர் கருத்தகண்ணு நூறு ஆடுகளையும் கரையேற்றிவிட்டு, வழக்கம்போல, "வாரேன்" என்றார்.

"வாருங்கள்" என்றது மதகு. திறக்கவில்லை.

கரையில் காத்திருந்த விவசாயி சாத்தையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆடு நாற்றைக் கடித்ததில் ஏற்கெனவே இருவருக்கும் ஆகாது. இப்போது மிச்ச நாற்றும் வாடிக்கொண்டிருந்தது.

"யோவ், போறேன்னு சொல்லித் தொலையேன்யா!"

"நல்ல நாளும் அதுவுமா அந்த வார்த்தையை எப்படிய்யா சொல்ல? திரும்பி வர வேணாமா?"

"இன்னும் அஞ்சு நிமிசத்துல தண்ணி அடுத்த ஊருக்குத் திரும்பிரும்!"

கருத்தகண்ணு கண்களை இறுக மூடிக்கொண்டு, "போ..." என்று ஆரம்பித்தார். அப்போதுதான் சாத்தையாவுக்கு உறைத்தது. அறுப்பு முடிந்ததும் எருவுக்கு இந்த ஆடுகள்தான் வந்து அவர் வயலில் கிடை கிடக்க வேண்டும். பாய்ந்து போய் கருத்தகண்ணுவின் வாயைப் பொத்தினார்.

"நேரம் முடிந்தது. தண்ணீர் அடுத்த ஊருக்குப் போகிறது" என்றது மதகு.

சாத்தையா மதகைப் பார்த்துக் கத்தினார்: "போகுதுன்னு சொல்லாத! போயிட்டு வருதுன்னு சொல்லு!"