வரிசையில் கடைசி

"இந்தம்மாவுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா, கேளுங்க சார்!"

ராஜவேல் எழுந்து நின்று கையை நீட்டினார். நீட்டிய இடத்தில், மருந்து கொடுக்கும் ஆரோக்கிய அனிதா உட்கார்ந்திருந்தார்.

கடலூரில் ஓர் அரசு சுகாதார நிலையம். நோயாளிகளும் ஊழியர்களும் எதிரெதிரே உட்கார்ந்து குறைகளைப் பேசித் தீர்க்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அதற்காக ஓர் அதிகாரியும் வந்திருந்தார். குடிதண்ணீர், மின்விசிறி என்று சப்பென்று போய்க்கொண்டிருந்த கூட்டத்தை ராஜவேல்தான் சூடாக்கினார்.

அவர் குறிஞ்சிப்பாடி பக்கத்துக்காரர். செம்மண்டலத்தில் மகள் வீட்டோடு வந்துவிட்ட பிறகு, சர்க்கரை மாத்திரைக்கு இங்கேதான் வருகிறார். அடுத்தவருக்காக நியாயம் கேட்பதென்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்றார் அதிகாரி.

"அதோ பின்னாடி நிக்குதே, எங்க ஊரு மருமவ கலைமணி. பஸ் ஏறி அம்மாந்தூரத்துலேருந்து வருது. ஒவ்வொரு தடவையும் ஓரமா நிக்க வெச்சிடறாங்க. எல்லாரும் போனப்பறந்தான் அதுக்கு மாத்தர. ஏன், ஏழைன்னா எளக்காரமா?"

கலைமணி பதறிப்போனாள். "வேணாம் மாமா... வுட்டுடுங்க."

"நீ சும்மா இரும்மா. நான் பாத்துக்கறேன்."

அதிகாரி அனிதா பக்கம் திரும்பினார். "ஏம்மா அப்படிச் செய்யறீங்க?"

அனிதா கலைமணியைப் பார்த்தார்.

"கேக்கறேன்ல?"

"தப்பு எம்மேலதான் சார். மன்னிச்சிடுங்க."

கூட்டம் கைதட்டியது.

"மன்னிப்பெல்லாம் பத்தாது. நாளைக்கே விளக்கம் எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன். நடவடிக்கை வந்தா என்னைக் கேக்கக் கூடாது" என்ற அதிகாரி, டீ குடித்துவிட்டு மீதியைப் பேசலாம் என்று எழுந்தார்.

ராஜவேலுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கலைமணியைத் தேடிக்கொண்டு வெளியே வந்தார். அவள் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"எதுக்கு அழுவற? இனிமே மொத ஆளா நின்னு வாங்கிட்டுப் போ."

"உங்கள யாரு மாமா கேக்கச் சொன்னா?"

அவர் திகைத்துப்போனார்.

"அவுங்க ஒண்ணும் நிக்க வெக்கல. யாரும் இல்லாதப்ப குடுங்கக்கான்னு நாந்தான் கேட்டுகிட்டேன்." அவள் குரல் இறங்கியது. "அது டி.பி. மாத்தர மாமா. ஒட்டற கட்டம் தாண்டிடுச்சின்னு டாக்டரே சொல்லிட்டாங்க. ஆனா ஊரு கேக்குமா? யாரு எங்கிட்ட ஜாக்கெட் தெக்கக் குடுப்பா? எம் புள்ள பக்கத்துல எந்தப் புள்ள ஒக்காரும்? ஊர்க்காரங்க யாரும் வர மாட்டாங்கன்னுதான், பக்கத்துல இருக்கற ஆஸ்பத்திரிய வுட்டுட்டு இவ்ளோ தூரம் வரேன். இங்கயும் நீங்க வந்துட்டீங்க."

இத்தனை நாளும் கலைமணி தன்னைக் கண்டதும் முந்தானையை இழுத்து முகத்தை மூடியது மரியாதை என்றல்லவா ராஜவேல் நினைத்திருந்தார்!

"இரு. அந்தம்மா மேல தப்பில்ல, நடந்தது இதுதான்னு உள்ள போயிச் சொல்லிடறேன்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதச் சொன்னா என் நோவையுமில்ல மாமா சொல்லணும்? அதுக்குத்தான அவுங்களே வாயத் தொறக்கல!"

கூட்டம் மறுபடி கூடியது. ராஜவேல் எழுந்தார்.

"சார், நான் சொன்னது பொய்."

"என்னது?"

"வரிசையில நடுவுல பூந்ததுக்கு இந்தம்மா என்னைத் திட்டிட்டாங்க. அந்த ஆத்திரத்துல சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு லேட்டா வரும், அதனால லேட்டா வாங்கும். அவ்ளோதான். நான் போட்ட சத்தத்துல பயந்துபோயி இவுங்க தப்பு எம்மேலன்னுட்டாங்க."

கைதட்டிய அதே கூட்டம் அவர் மேல் பாய்ந்தது.

"பெரிய மனுசன் செய்யற வேலையாய்யா இது?"

"ஒருத்தர் பொழப்புல மண்ணள்ளிப் போடப் பாத்தியே!"

"இந்த மாதிரி ஆளுங்களாலதான் நெசமான புகாருக்கும் மதிப்பில்லாம போவுது!"

ராஜவேல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அவ்வளவும் தனக்கு வேண்டியதுதான் என்று பட்டது.

அதிகாரி எரிச்சலோடு, "விளக்கமெல்லாம் வேணாம்மா, வேலையப் பாருங்க" என்றார் அனிதாவிடம். பிறகு ராஜவேலிடம், "நீங்க உக்காருங்க" என்றார்.

ராஜவேல் உட்காரவில்லை.

"ஒரே ஒரு கோரிக்கை சார். மருந்து குடுக்கற எடத்துக்கு ஒரு கதவு போடுங்க. ஒவ்வொருத்தரா உள்ள கூப்புட்டுக் குடுக்கட்டும்."

"சர்க்கரை மாத்திரை வாங்க உங்களுக்குக் கதவு எதுக்குய்யா?"

"எங்க ஊருல நல்லது பண்றேன்னு வர்ற ஆளுங்க ஜாஸ்தி சார். அவுங்க கண்ணுல படாம வாங்கணும்."