கீரி வாங்கிய புதுப் புத்தகம்

கீரிக்குப் புத்தகப் பைத்தியம். ஆனால் பழைய புத்தகம்தான் வாங்கும். "புதுசு வாங்குறவங்க எல்லாம் படிக்கவா வாங்குறாங்க? அலமாரிக்குப் புதுத்துணி எடுக்கிறாங்க!" என்று ஊரெல்லாம் ஏளனம் பேசித் திரியும்.

ஒரு நாள் அது ஆட்டின் பழைய புத்தகக் கடையில் ஒரு துப்பறியும் நாவலை வாங்கிப் போய், சோறு தண்ணீர் மறந்து படித்தது. கொலைகாரன் யார் என்று தெரியவேண்டிய இடத்தில் கடைசித் தாளைக் காணோம்.

கீரி கடைக்கு ஓடியது. "ஆட்டக்கா, கடைசித் தாள் எங்கே?"

"மத்தியானம் பசிச்சுது தம்பி, தின்னுட்டேன்" என்றது ஆடு, கொஞ்சமும் கூசாமல்.

"கொலைகாரன் யாருன்னாவது சொல்லுங்க!"

"தின்னேன்னுதானே சொன்னேன்? படிச்சேன்னா சொன்னேன்?"

மூன்று நாள் கீரிக்குத் தூக்கமில்லை. நான்காம் நாள், தெரிந்தவர் கண்ணில் படாமல் மயிலின் புதுப் புத்தகக் கடைக்குள் நுழைந்து, அதே நாவலை முழு விலை கொடுத்து வாங்கியது. வாசலில் நின்றே பிளாஸ்டிக் உறையைப் பிய்த்துக் கடைசிப் பக்கத்தைப் படித்தது. கொலைகாரன், அதுவரை கதையிலேயே வராத ஒரு சித்தப்பா!

புதுசு வாங்கிய கதையை வேறு யாரிடம் சொல்ல முடியும்? கீரி ஆட்டிடமே போய்ப் புலம்பியது. "இதுக்காகவா மூணு நாள் தவிச்சேன்? கடைசிப் பக்கம் சப்புன்னு இருக்கு, அக்கா!"

ஆடு அசைபோடுவதை நிறுத்தியது.

"உனக்கும் அப்படித்தான் இருந்துச்சா?" என்றது அக்கறையாக. "நான் பின்னட்டையைத் தொட்டுக்கிட்டுத்தான் உள்ளே தள்ளினேன்."