நிறுத்தச் சொன்ன மருந்து

"எங்க வூட்டுக்காரருக்குக் குடுக்குற மூக்கு மருந்த நிறுத்திடுங்க டாக்டரம்மா. அவரு மாத்திரை வாங்குற க்யூவுல நிக்கிறாரு. வர்றதுக்குள்ள சொல்லிடலாம்னுதான் வந்தேன்."

தையல்நாயகி கதவருகிலேயே நின்றாள். டாக்டர் கிருபா நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. மரக்காணத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதும் கடைசி சீட்டில் சன்னலோரமாகத்தான் ஒடுங்கியிருந்தாள்.

"ஏம்மா, மருந்து அவருக்கு ஒத்துக்கலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சளி ஒழுகறது நின்னுடுச்சு. தலபாரமும் இல்லன்றாரு."

"பின்ன ஏன் நிறுத்தணும்?"

அவள் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். உப்பளத்தில் முப்பது வருஷம் உப்பு வாரிய அவள் கணவன் சடையப்பனின் ஃபைலைப் பிரிக்காமலே டாக்டர் விளக்கினார்.

"மூக்குக்குள்ள புண்ணானா, அது ஆறுறதுக்காக உடம்பு 'வளரு, வளரு'ன்னு ஒரு சிக்னல் குடுக்கும். ஆறினதும் அந்த சிக்னல் அடங்கணும். உங்க வீட்டுக்காரருக்கு அது அடங்கவே இல்ல. சளி சுரக்குற செல்லெல்லாம் பெருகிப்போய், பத்து வருஷமா வாசனையே தெரியாம இருந்தாரு. மருந்த நிறுத்தினா மறுபடி பழையபடி ஆயிடும்மா."

"ஆவட்டும்" என்றாள் தையல்நாயகி. "எனக்கும் அதுதானே டாக்டரம்மா. வளர்றது அடங்கல."

முந்தானையை லேசாக விலக்கினாள். இடது மார்பில் சுற்றியிருந்த துணி நனைந்து, மஞ்சளாகக் கசிந்திருந்தது. இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று புற்றுநோய் ஆஸ்பத்திரியில் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்.

"புண்ணு வாயத் தொறந்து நாலு மாசமாச்சு. இந்த நாத்தம் எனக்கே தாங்கல. உப்பளத்துல என்கூட வேல செஞ்சவங்க தெருவுல பாத்தா ஒதுங்கிப் போறாங்க. பெத்த பொண்ணே வாசப்படியில நின்னு, முந்தானையால மூக்கப் பொத்திக்கினு பேசிட்டுப் போறா. அவளக் குத்தம் சொல்லி இன்னா பண்றது?"

முந்தானையை மறுபடி இழுத்து மூடிக்கொண்டாள்.

"இவரு ஒருத்தருதான் கட்டு மாத்தி வுடுறாரு. பக்கத்துல உக்காந்து சாப்புடுறாரு. எம்மேல கையப் போட்டுக்கினு தூங்குறாரு. எல்லாம் மூக்குல வாசன தெரியாததாலதான். நேத்துகூடக் கேட்டேன், இன்னும் ஒண்ணும் தெரியலன்னாரு. தெரிஞ்சிட்டா அவரும் எழுந்து போயிடுவாருங்க. நான் இன்னும் எத்தினி நாளு இருக்கப்போறேன்? அது வரைக்கும் நிறுத்தி வைங்க. நான் போனப்புறம் குடுங்க."

டாக்டர் கிருபா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அவரு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரும்மா" என்றார். "அவருக்கு வாசனை திரும்பி அஞ்சு மாசமாச்சு."