நான்காம் பாகம்

வரப்போகும் ஒரு கொடுங்கோல் நகரத்தைப் பற்றிய கோமளாவின் அறிவியல் புனைகதை வரிசையில் நான்காவது நாவல் அன்று வெளியானது. சிறப்பு விருந்தினர் மேடையில் வண்ணத்தாளைப் பிரித்து முதல் பிரதியை உயர்த்திக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். உள்ளே முந்நூறு பக்கமும் வெறும் வெள்ளைத்தாள்.

“தணிக்கையில அட்டைக்கு மட்டும்தான் அனுமதி வந்துச்சு மேடம். அழைப்பிதழ் கொடுத்தாச்சே, விழாவை நிறுத்த முடியல” என்றார் பதிப்பாளர் கோமளாவிடம்.

கையெழுத்து வாங்க வரிசை நின்றது. ஒரு பெண் முதல் பக்கத்தை விரித்து வைத்தாள்.

“போன பாகத்துல பதினாறு பக்கம் அச்சாகி இருந்துச்சு. அதைப் பஸ்ல சத்தமா படிச்ச எங்கண்ணன் இன்னும் வீட்டுக்கு வரல. இது பரவாயில்ல மேடம்.”

“யார் பேருக்குப் போடணும்?”

“அண்ணன் பேருக்கே. தேவசகாயம்.”

கோமளா எழுதிக் கொடுத்தாள். மை காயட்டுமென்று அந்தப் பெண் புத்தகத்தை மூடாமலேயே கொண்டுபோனாள். வாசலில் சோதனைக்கு நின்றிருந்தவர் பக்கத்தில் எழுத்தைப் பார்த்ததும் கையை நீட்டினார்.