வேட்டு இல்லாத சாவு

ராட்சச நட்சத்திரம் ஒன்று சாகக் கிடந்தது. பெரிய இடத்துச் சாவு, வேட்டுச் சத்தம் அமர்க்களப்படும் என்று எங்கிருந்தோ அடித்துப் பிடித்து வந்திருந்தது வால்நட்சத்திரம். பக்கத்திலிருந்த குட்டி நட்சத்திரத்துக்கோ, வெடித்துத் தன் தலையில் விழுமோ என்று பயம்.

ராட்சச நட்சத்திரம் பொசுக்கென்று அணைந்தது. ஒரு பொறிகூடப் பறக்கவில்லை. இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு குழி, அவ்வளவுதான்.

“தூ! இதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்? உயிரோட இருந்தப்ப என்ன ஆட்டம் போட்டான்! கிட்டப் போய் நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வர்றேன்” என்றது வால்நட்சத்திரம்.

“போகாதீங்கண்ணே. அதுக்குள்ள போன வெளிச்சமே திரும்பி வரலை” என்றது குட்டி.

“செத்தவன் என்னடா செய்வான்?” என்று வாலை ஆட்டிக்கொண்டே போனது. முதலில் தலை போயிற்று, பின்னாலேயே வாலும்.

குட்டி நட்சத்திரம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. இரண்டாவது சாவுக்கும் வேட்டுச் சத்தம் இல்லை.