பனியில் நிற்கும் மான்

மதோனியே மலைச்சரிவில் முழங்கால் வரை பனி கிடக்கிறது. ஆறு நாளும் பலெர்மோ நகரில் மாடிப்படி துடைத்துக் களைத்த குகனேஸ்வரி, ஓய்வு கிடைத்த ஞாயிற்றுக்கிழமையையும் மகளுக்குக் கொடுத்துவிட்டு அவள் பின்னால் நடக்கிறாள். விலங்கியல் படிக்கும் கேசிகா நாளைக்கு மிலானுக்குப் போகிறாள். போகுமுன் இந்த மலையில் ஒரு மானையாவது கண்டுவிட வேண்டும் என்று விடியலிலிருந்து தேடுகிறாள். கண்டதெல்லாம் பழைய குளம்படிகள்தான்.

“இன்னும் கொஞ்சத் தூரம், அம்மா.”

“நீ போ பிள்ளை. நான் இஞ்சை இருக்கிறன்.”

இலையுதிர்ந்த மரமொன்றின் அடியில் அவள் குந்துகிறாள். சப்பாத்துக்குள் ஈரம். பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றுகிறாள். ஆவி கலைந்த இடத்தில், பத்தடி தள்ளி, ஒரு மான் நின்று மரப்பட்டையை உரித்துத் தின்கிறது. பசியில் அதன் விலா எலும்புகள் தெரிகின்றன. தூரத்தில் கேசிகா முதுகைக் காட்டியபடி போய்க்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டால் மான் ஓடிவிடும். கூப்பிடாமல், மகள் திரும்பிப் பார்க்கும்வரை குகனேஸ்வரி கையை மெல்ல உயர்த்திப் பிடிக்கிறாள்.

திரும்பிய கேசிகாவுக்கு அந்தக் கை மட்டுமே தெரிகிறது. பனியில் விழுந்தெழும்பி ஓடிவருகிறாள். மான் மரங்களுக்குள் மறைகிறது.

“என்னம்மா, ஏலாமல் கிடக்கோ?”

மகளின் கண்கள் தாயின் முகத்தை விட்டு நகரவில்லை.

“ஓம் பிள்ளை,” என்கிறாள் குகனேஸ்வரி. “ஏலாமல்தான் கிடக்கு. வீட்டை போவம்.”